முப்பத்திநாலாம் பக்கம்

டீச்சர் வேலைதானேன்னு லேசாச் சொல்லிட்டீங்கக்கா. காலையில போனா சாயங்காலம் வீடு, சனி ஞாயிறு லீவு, மழை பேஞ்சா லீவு, வெயில் அடிச்சாலும் லீவு. எங்க மாமியாரும் இதையேதான் சொல்றாங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தப் பையை மடியில வச்சுக்கிறேன். சாத்தூர் போய்ச் சேர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். நீங்களா வாயைக் குடுத்து, ஏம்மா மூஞ்சி இப்படி இருக்குன்னு கேட்டுட்டீங்க. இனி நான் நிறுத்தினாத்தான் உண்டு.

எங்க பள்ளிக்கூடம் மேலப்பொட்டல். நீங்க ஏறினீங்களே, அதுக்கு ரெண்டு ஸ்டாப் முந்தி. நாப்பத்தோரு பிள்ளைங்க, ரெண்டே டீச்சர். நாலாவதும் அஞ்சாவதும் ஹெச்.எம். ரெஜினா டீச்சருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, இந்த மூணு வகுப்பும் எனக்கு, ஒரே ரூம்புல. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஜூன் மாசம் ஆர்டரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போய் நின்னேன். புதுப் பொண்டாட்டி மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டு. இல்ல, தலையாட்டலை. அதுதான் சிக்கலே.

எனக்கு ட்ரெயினிங்ல ஒண்ணு சொல்லிக் குடுத்திருந்தாங்க. பிள்ளை வாயில என்ன வருதோ, அதையே போர்டுல எழுதிக் காட்டு, எழுத்தைத் தானாப் பிடிச்சுக்கிடும்னு. நானும் அப்படியே நம்பிட்டேன். வயசு அப்படி. "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு"ன்னு ஒருத்தன் சொல்லுவான், எழுதுவேன். "ஒண்ணு செத்துப் போச்சு"ம்பான், அதையும் எழுதுவேன். பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு வந்து போர்டையே மொய்க்கும். அங்க பாதி வீட்டுல அம்மாமாரு தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் போறாங்க. அதனால லேபிள் கொண்டு வரச் சொன்னேன். கிளிப் படம், சாவிப் படம், அரிவாள் படம்னு ஒரு டப்பா நெறையச் சேந்துருச்சு. படத்தைக் கையால மறைச்சுக்கிட்டு, கீழ என்ன போட்டிருக்குன்னு கேப்பேன். ஒரே கூச்சல். சந்தைக்கடைதான்.

அதுல ஒருத்தி, முத்துப்பேச்சி. அப்ப ரெண்டாவது. எலிவால் மாதிரி ரெட்டைச் சடை, எந்நேரமும் மூக்கு ஒழுகும். அவதான் முதல்ல பிடிச்சா. ஆகஸ்ட் மாசம் ஒரு நாள், மதியம் சோத்துத் தட்டைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கா. என்னடீன்னா, எண்ணெய்ப் பாக்கெட்டைக் காட்டி, "டீச்சர், இதுல குளிர்ந்த இடத்தில் வைக்கவும்னு போட்டிருக்கு, சமையல்காரம்மா அடுப்புகிட்ட வச்சிருக்காங்க"ங்கா. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துருச்சு அக்கா. பொய் சொல்ல மாட்டேன், அன்னைக்கு நான் பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டே வந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரியாப் பாத்தார்.

அப்புறம் அவளை நிறுத்த முடியலை. கண்ணுல பட்டதெல்லாம் படிப்பா. சுவத்து விளம்பரம், பூச்சி மருந்து டப்பா, கல்யாணப் போஸ்டர், செத்தவங்க போஸ்டர். "டீச்சர், கண்ணீர் அஞ்சலின்னா என்ன டீச்சர்?" புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வந்து, வாசிக்கட்டுமா வாசிக்கட்டுமான்னு உசுரை எடுப்பா. கேட்டுக்கிட்டு இருந்தா அந்த ஒண்ணாவது பிள்ளைங்கள யாரு பாக்குறது?

ஆனா ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க. செப்டம்பர்ல ஹெச்.எம். கூப்பிட்டாங்க. நல்ல மனுசி அக்கா, சொல்லிடறேன், தப்பா நெனைக்காதீங்க. சொந்தக் காசுல பிள்ளைங்களுக்கு எண்ணெய், சீப்பு, சோப்பு எல்லாம் வாங்கி வச்சிருப்பாங்க. அந்தப் பள்ளிக்கூடத்தை மூடணும்னு அதிகாரிங்க மூணு தடவை வந்தப்பவும் ஒத்தை ஆளா நின்னு காப்பாத்தினவங்க. உக்காரச் சொல்லி டீ குடுத்து, "செண்பகா, நோட்டெல்லாம் எங்க?"ன்னாங்க. பிள்ளைங்க நோட்டுல ரெண்டு பக்கம்தான் எழுதியிருந்துச்சு. "வர்ற அதிகாரி எதைப் பாப்பாரு? நோட்டைத்தான் பாப்பாரு. நம்ம பள்ளிக்கூடத்துல நோட்டுதான் பேசணும், பிள்ளை பேசக் கூடாது"ன்னாங்க.

அவங்க சொன்னாக்கூட நான் முறுக்கிக்கிட்டு இருந்திருப்பேன். ஊர்க்காரங்களே வந்துட்டாங்களே! முத்துப்பேச்சி அம்மா, தங்கமாரி, வேலை முடிஞ்ச கையோட வந்து வாசல்ல நிக்காங்க. "என்ன டீச்சர், லேபிளுக்கா நாங்க பிள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்புறோம்? காலையிலருந்து ராத்திரி வரைக்கும் லேபிள்லதான நான் முழிக்கேன். என் பிள்ளையும் அதுலயே முழிக்கணுமா? பக்கத்து ஊரு பள்ளிக்கூடத்துல ஒரு நாளைக்கு நாலு பக்கம் எழுதுதுக பிள்ளைக"ன்னாங்க. நான் எங்க மூஞ்சியைக் கொண்டு வைக்க? டப்பாவைத் தூக்கி பீரோ மேல வச்சேன். ஊரோடு ஒத்து வாழ்னு இருக்குல்ல.

அதுக்கப்புறம் நான் நல்லாக் கத்துக்கிட்டேன் அக்கா. போர்டுல நான் எழுதுவேன், பிள்ளைங்க பாத்து எழுதும், நான் செவப்பு மை போடுவேன். அமைதின்னா அமைதி, குண்டூசி விழுந்தாக் கேக்கும். நோட்டு மேல நோட்டு அடுக்கி வச்சா இடுப்பு உயரம் இருக்கும். எல்லாம் முத்து முத்தா கையெழுத்து. அதுல ஒருத்தனுக்கும் என்ன எழுதியிருக்கோம்னு தெரியாது, அது வேற விஷயம்.

அப்புறம் முப்பத்திநாலாம் பக்கம். இது ஹெச்.எம்மோட கண்டுபிடிப்பு. வேற எங்கயும் இருக்கான்னு எனக்குத் தெரியாது. மூணாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துல முப்பத்திநாலாம் பக்கத்துல யானைப் பாடம். "கோடைக்காலம் வந்தது. குளத்துநீர் வற்றியது. யானைக்கூட்டம் தவித்தது. குட்டியானை ஓடியது." அப்படியே தாளம் போடற மாதிரி போகும், மனப்பாடம் பண்ண சுகமா இருக்கும். பிள்ளைங்க ரெண்டாவதுலயே அண்ணன் அக்கா சொல்றதைக் கேட்டுக் கத்துக்கிடும். ஆனா அதிகாரி வந்தா, ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துப் படின்னுதானே சொல்லுவாரு? அதுக்குத்தான் வழி. புதுப் புத்தகம் வந்த உடனே, எல்லாத்தையும் முப்பத்திநாலாம் பக்கத்துல விரிச்சுப் போட்டு, மேல பலகை, பலகை மேல சத்துணவு அரிசி மூட்டை ரெண்டு. வெள்ளிக்கிழமை வச்சா திங்கக்கிழமை எடுக்கலாம். அப்புறம் எந்த மகராசன் தொறந்தாலும் புத்தகம் அங்கதான் தொறக்கும். அவருக்கு, ஏதோ தானாத் தொறந்த பக்கம். நமக்கு யானை. மொத மொத பாத்தப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் நான்தான் மூட்டையைப் பிடிச்சுத் தூக்கி வைப்பேன், ஹெச்.எம்முக்கு இடுப்பு வலி.

இந்த வருஷம் புத்தகம் லேட்டு. காலாண்டு லீவு முடிஞ்சுதான் வந்துச்சு. வந்த அன்னைக்கே விரிச்சோம், மூட்டையை வச்சோம். நவம்பர்ல எங்க பி.இ.ஓ. சார் வந்துட்டாரு. எங்களுக்கெல்லாம் மேலதிகாரி, அவரு எழுதறதுதான் பள்ளிக்கூடத்துக்குப் பேரு. எனக்கோ ப்ரொபேஷன் முடியப் போற நேரம். ஹெச்.எம். கையெழுத்துப் போட்டு, அவரு கையெழுத்துப் போட்டாத்தான் என் வேலை நிரந்தரம்.

அவரு வந்து உக்காந்தாரு, போனைக் கையில எடுத்தாரு. மூணாவது பிள்ளைங்க பதினாலு பேரு. முதல் பையன் புத்தகத்தைத் தொறந்தான், டக்குனு முப்பத்திநாலு. "கோடைக்காலம் வந்தது"ன்னு ஆரம்பிச்சான். அடுத்தவன், அடுத்தவ. சாருக்கே அது மனப்பாடம். எத்தனை பள்ளிக்கூடத்துல கேட்டாரோ, போனைப் பாத்துக்கிட்டே "குளத்துநீர் வற்றியது"ன்னு அவரும் உதட்டை அசைக்காரு. எல்லாம் வெண்ணெய் மாதிரிப் போச்சு. ஒம்பதாவது ஆளு முத்துப்பேச்சி. எந்திரிச்சு நிக்கா, புத்தகத்தைத் தொறக்கா, சத்தமா வாசிக்கா: "செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் சந்தை கூடும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்."

எனக்கு ஒரு நிமிஷம் இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு தோணுச்சு. சார் நிமுந்து பாத்தாரு. "என்னம்மா உளர்றே? பக்கத்துல இருக்கிறவங்க எவ்வளவு அழகாப் படிக்காங்க"ன்னாரு. அவ புத்தகத்தை நீட்டுறா. "சார், இதுல இதுதான் சார் போட்டிருக்கு." அவரு புத்தகத்தைப் பாக்கலை. ஹெச்.எம்மைப் பாத்தாரு. ஹெச்.எம். என்னைப் பாத்தாங்க. நான் யாரைப் பாக்க? என் வாயில வந்துச்சு, "அது கொஞ்சம் மெதுவாக் கத்துக்கிற பிள்ளை சார்."

அவரு போன பிறகு புத்தகத்தை வாங்கிப் பாத்தேன். நெஜமாவே சந்தை. பாடத்தை மாத்திட்டாங்க. வருஷா வருஷம் அட்டைதான மாறும், உள்ள மாறும்னு யாரு கண்டா? நான் போன வருஷத்து பாடக்குறிப்பை வச்சுத்தான் போர்டுல எழுதிப் போட்டுக்கிட்டு இருந்தேன். நாங்க ரெண்டு பேரும் புதுப் புத்தகத்துக்கு மூட்டை வச்சோமே தவிர, பிரிச்சுப் படிக்கலை. ஹெச்.எம். பாத்துட்டு, "அட, மாத்திட்டாங்களா"ன்னாங்க. அப்புறம், "சரி விடு. பதிமூணு பேரு நல்லாச் சொன்னாங்க. யானையே இருக்கட்டும்"னாங்க.

ரிப்போர்ட் வந்துச்சு. பள்ளிக்கூடத்துக்கு 'ஏ' கிரேடு. கீழ ஒரு வரி: மெல்லக் கற்கும் மாணவி ஒருவர், சிறப்புப் பயிற்சி தேவை.

இப்ப நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய? பேப்பர்ல ஏறிருச்சு. சிறப்புப் பயிற்சின்னா தினம் அரை மணி நேரம், மூணு மாசம், அதுக்கு ஃபார்ம், போட்டோ. ரெக்கார்டுல பிள்ளை இருந்தா பயிற்சி இருக்கணும்ல? அவளுக்கு என்ன பயிற்சி குடுக்க? அவ நியூஸ் பேப்பரைத் தலைகீழா வச்சாக்கூட வாசிப்பா. அவளுக்குத் தெரியாதது யானைதான். அதனால யானையைத்தான் சொல்லிக் குடுத்தேன்.

அய்யய்யோ, அது பட்ட பாடு! மத்த பிள்ளைங்களுக்குச் சுலபம் அக்கா, அதுங்களுக்குப் புத்தகம் வெறும் கறுப்புப் புள்ளி. இவ கையில குடுத்தா கண்ணு எழுத்துக்கு ஓடிருது. "கோடைக்காலம்"னு ஆரம்பிப்பா, ரெண்டாவது வரியில சந்தைக்குப் போயிருவா. திட்டிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன். "டீச்சர், நீங்கதான போட்டிருக்கிறதைப் படிக்கச் சொன்னீங்க?"ங்கா. "அது போன வருஷம்டீ"ன்னேன். கடைசியா ஒரு யோசனை தோணுச்சு. "கண்ணை மூடிக்கிட்டுப் படி." அது வேலை செஞ்சுச்சு! தினம் மதியம் வேப்பமரத்தடியில, புத்தகத்தை விரிச்சு மடியில வச்சுக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, சிறப்புப் பயிற்சி. அப்படியே, கண்ணை மூடின மூஞ்சியோட போட்டோவும் எடுத்து ஃபார்ம்ல போட்டேன். யாரும் ஒண்ணும் கேக்கலை.

ஜனவரியில எனக்கு ப்ரொபேஷன் முடிஞ்சுச்சு. ஹெச்.எம். லட்டு வாங்கிட்டு வந்தாங்க. "நீயும் நம்ம பள்ளிக்கூடத்து ஆளாயிட்டே"ன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

பிப்ரவரி கடைசியில முத்துப்பேச்சியும் தேறிட்டா. கண்ணை நல்லாத் தொறந்து, சந்தைப் பக்கத்தை நேராப் பாத்துக்கிட்டே, யானையைச் சொன்னா. ஒரு இடத்துலயும் தடுக்கலை. கை தட்டினேன், கடலை மிட்டாய் வாங்கிக் குடுத்தேன். ஃபார்ம்ல "முன்னேற்றம் மிக நன்று"ன்னு எழுதினேன். அவ அம்மாவுக்கும் அவ்வளவு சந்தோஷம். "முன்னயெல்லாம் பஸ்ஸுல போனா ஒவ்வொரு போர்டா வாசிச்சுத் தொணதொணன்னு வருவா டீச்சர். இப்ப கம்முன்னு வாறா. நல்லாத் திருந்திட்டா"ன்னாங்க. நானும் சந்தோஷமாத்தான் தலையாட்டினேன்.

இன்னைக்கு என்னாச்சுன்னா, சென்னையிலருந்து ஒரு டீம். முந்தாநாள்தான் தகவல் வந்துச்சு. ஒரு அம்மா, கூட ஒரு சார். நாங்க புத்தகத்தை எடுத்து அடுக்கி வச்சிருந்தோம். அந்தம்மா தொடவே இல்லை. பையைத் தொறந்து அட்டை எடுக்காங்க. அவங்களே எழுதி அச்சடிச்சுக் கொண்டு வந்த கதை அட்டை, ஒவ்வொண்ணும் வேற வேற. முதல் நாலு பிள்ளைங்க அட்டையைப் பிடிச்சுக்கிட்டு யானையை ஓட்டினாங்க. ஒருத்தன் தலைகீழாப் பிடிச்சிருந்தான். அந்தம்மா எழுதிக்கிட்டே இருக்காங்க.

அப்ப ஹெச்.எம். என் கையைப் பிடிச்சு, காதுக்குள்ள சொல்றாங்க: "அந்த முத்துப்பேச்சியை முன்னால விடு. அவ ஒருத்திதான நெஜமா வாசிப்பா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவங்களுக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு! நாங்க ரெண்டு பேரும் இத்தனை மாசமா ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மாதிரியே ஃபார்ம் நெரப்பியிருக்கோம்.

அவளைக் கூப்பிட்டேன். வந்தா. சடையெல்லாம் இறுக்கிப் பின்னி, மூக்கு கூட ஒழுகலை. அந்தம்மா அட்டையைக் குடுத்து, "படி கண்ணு"ன்னாங்க. வாங்கினா. நான் அவ கண்ணையே பாக்கேன். முதல் வரியில கண்ணு ஓடுச்சு அக்கா, நான் பாத்தேன், என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். உதட்டு ஓரத்துல லேசா ஒரு சிரிப்பு கூட வந்துச்சு. படிடீ, என் ராசாத்தி, படிடீன்னு மனசுக்குள்ள சாமியைக் கும்பிடறேன். அவ நிமுந்து என்னைப் பாத்தா. மூச்சை இழுத்தா. "கோடைக்காலம் வந்தது. குளத்துநீர் வற்றியது."

அந்தம்மா முழுசும் கேட்டாங்க. "இல்லடா, இதுல இருக்கிறதைப் படி"ன்னு விரல் வச்சுக் காட்டினாங்க. இவ நெனைச்சா, சத்தம் பத்தலைன்னு. திரும்ப முதல்லருந்து, இன்னும் சத்தமா. தாளம் தப்பாம. அந்தம்மா அவ தலையைத் தடவிக் குடுத்துட்டு எழுதினாங்க. எட்டிப் பாத்தேன். 'எழுத்து தெரியவில்லை'ன்னு போட்டிருந்தாங்க.

அவங்க போயிட்டாங்க. நான் என்ன தப்புப் பண்ணேன் சொல்லுங்க? பள்ளிக்கூடம் எப்படி இருக்கோ அப்படி நடந்துக்கிட்டேன். நானா இதையெல்லாம் ஆரம்பிச்சேன்? ஆனாலும் வயிறு எரியுதுக்கா. அந்தக் கழுதை மேல ஆத்திரமா வருது. அத்தனை நாளு என் உசுரை எடுத்து வாசிச்சாளே, இன்னைக்கு ஒரு நாள் வாசிச்சா என்ன?

பஸ்ஸுக்குக் கெளம்பி வெளிய வந்தேன். ஸ்கூல் கேட் பக்கத்துல முத்துப்பேச்சி நிக்கா, எனக்காகத்தான். "டீச்சர், இன்னைக்குச் சரியாச் சொன்னேனா?" சரியாச் சொன்னேடீன்னேன். மூஞ்சி அப்படியே பூரிச்சுப் போச்சு. ரெண்டு எட்டு வச்சிருப்பேன், பின்னாலயே ஓடி வாறா. யாரும் கேட்டுரக் கூடாதுன்னு சுத்தும் முத்தும் பாத்துட்டு, மெதுவாக் கேக்கா: "டீச்சர், அந்த அட்டையில ஒரு பிள்ளையோட செருப்பு ஆத்துல போயிருச்சுன்னு போட்டிருந்துச்சு. நான் ஒரு வரிதான் டீச்சர் பாத்தேன், சத்தியமா, அப்புறம் பாக்கவே இல்லை. அந்தச் செருப்பு கெடைச்சுச்சா டீச்சர்?"

எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் அந்த அட்டையை வாங்கிப் படிக்கவே இல்லையே.